சொல்லட்டையில் எழுத்துக்கு உரியவர் யார்?

தமிழெழுத்தின் வடிவம் வானத்திலிருந்து இறங்கி வந்ததன்று. ஓலையிலே புள்ளியிடாது எழுதும் வழக்கும், எகரத்தையும் ஏகாரத்தையும் ஒரே வடிவிற் காட்டும் வழக்கும் நெடுங்காலம் நின்றன. அவ்விரண்டு உயிர்களையும் வேறுபடுத்திக் காட்டும் முறையைப் பதினெட்டாம் நூற்றாண்டில் வகுத்தவர் வீரமாமுனிவர் என்பர். 1935இல் பெரியார் தமது 'குடி அரசு' இதழில் றா, னை முதலியவற்றின் பழைய வடிவங்களைக் கைவிட்டார். 1978இல் தமிழ்நாட்டு அரசு அச்சீர்திருத்தத்தை ஏற்று ஆணை பிறப்பித்தது. இம்மாற்றங்களை வரவேற்றோரும் இருந்தனர், வெகுண்டோரும் இருந்தனர். எவ்வாறாயினும், இன்னார் இன்ன காரணத்துக்காக மாற்றினார் என்று சுட்டிக்காட்ட ஓர் ஆள் இருந்தார். இன்றோ, பிள்ளைகள் கற்கும் திரையில் தமிழெழுத்து என்ன உருவில் தோன்றும் என்பதை எவரும் தீர்மானிப்பதில்லை. அது தானாக நேர்ந்துவிடுகிறது. அவ்வாறு நேர்வதைக் கல்வியாளர் பொறுத்திருப்பதே ஈண்டு கண்டனத்துக்கு உரிய பொருளாகும்.

இணையவழிக் கற்றலுக்கான பாடநெறி மென்பொருள்களில் சொல்லட்டை ஒரு சிறு உறுப்பு. ஒரு பக்கத்திற் சொல், மறுபக்கத்திற் பொருள் அல்லது படம். விரலாற் தொட்டால் அட்டை புரளும். இதன் அடிப்படை புதிதன்று. மறதியின் போக்கை ஹெர்மன் எபிங்ஹௌஸ் 1885இலேயே ஆராய்ந்து வெளியிட்டார். அட்டைகளைப் பெட்டியின் அறைகளில் வகுத்து, தவறியவற்றை அடிக்கடியும் தேறியவற்றை இடைவிட்டும் மீளப் பார்க்கும் முறையை செபஸ்தியன் லைட்னர் 1970களின் தொடக்கத்தில் பரப்பினார். நமது ஆரம்பப் பள்ளி ஆசிரியைமாரோ இவர்கள் பெயரைக் கேள்விப்படாமலே பிரிஸ்டல் அட்டையை வெட்டி, தடித்த பேனாவால் எழுதி, வகுப்பிலே தூக்கிக் காட்டி வந்துள்ளனர். அவ்வட்டையில் எழுத்தின் அளவு, தடிப்பு, புள்ளியின் பருமன், வரிகளுக்கு இடையிலுள்ள வெளி ஆகிய அனைத்தும் அவ்வாசிரியையின் ஆட்சிக்கு உட்பட்டவை. பின்வாங்கில் இருக்கும் பிள்ளைக்கு ளகரமும் னகரமும் மயங்குமாயின், மறுநாள் அவர் வேறோர் அட்டை எழுதுவார். மென்பொருள் முதலிற் பறித்துக்கொண்டது இந்த ஆட்சியையே.

பறித்த விதம் நோக்கத்தக்கது. பாடநெறியை ஆக்குபவர் தலைப்புக்கு ஓர் எழுத்துரு, உள்ளடக்கத்துக்கு ஓர் எழுத்துரு எனத் தெரிவுசெய்கிறார். பட்டியலில் உள்ளவற்றுட் பெரும்பாலானவை இலத்தீன் எழுத்துக்காக வரையப்பட்டவை. தமிழெழுத்து அவற்றில் இல்லை. ஆகவே, தமிழ்ச் சொல் வந்தவுடன் கருவி தன்னிடமுள்ள ஏதோவொரு தமிழ் எழுத்துருவை இட்டு நிரப்பிக்கொள்கிறது. விண்டோஸ் கணினியில் அது 'லதா'வாகவோ 'நிர்மலா'வாகவோ இருக்கலாம். ஆண்ட்ரொய்ட் கைத்தொலைபேசியில் 'நோட்டோ'வாகவும் ஆப்பிள் கருவியில் 'தமிழ்ச் சங்கம்' என்னும் எழுத்துருவாகவும் அமையலாம். ஒரே அட்டை மூன்று வீடுகளில் மூன்று முகங்காட்டும். ஆங்கிலச் சொல் தெரிவுசெய்யப்பட்ட உருவில் நிற்க, பக்கத்திலுள்ள தமிழ்ச்சொல் வந்து சேர்ந்த உருவில் நிற்கிறது.

இலங்கைப் பல்கலைக்கழகங்கள் பலவற்றிலும் வழக்கிலுள்ள 'மூடில்' தளத்தை எடுத்துக்கொண்டால், அதில் அட்டைகளை ஆக்கப் பயன்படும் 'எச்5பி' கருவியில் எழுத்துருவை மாற்றும் வாய்ப்பு விரிவுரையாளருக்குப் பொதுவாக இல்லை. தளத்தை நிருவகிப்பவரே அதற்கான நடைவிதியை எழுதிச் சேர்த்தல் வேண்டும். அவர் பெரும்பாலும் தமிழ் வாசியாதவர். கட்டணத்துக்கு விற்கப்படும் மென்பொருள்கள் சிலவற்றில் எழுத்துருக் கோப்பை ஏற்ற இடமுண்டு. ஆயினும் ஏற்றிய எழுத்துரு பந்திகளில் மாறி, அட்டையின் முகத்தில் மாறாது நிற்பதுமுண்டு. அட்டையை அலங்காரமாகக் கருதியவனுக்கு அது ஒரு பொருட்டன்று. ஆனால் அட்டையில் எழுதப்பட்டிருப்பது பாடத்தைப் பற்றிய விளக்கமன்று. அந்த எழுத்தே பாடம்.

இதனை ஏட்டளவிற் பேசாது, புத்தளம் மாவட்டத்தின் கரையோரத்தை முன்வைத்துப் பேசுதல் தகும். கற்பிட்டித் தீபகற்பத்திலும் புத்தளம் நகரிலும் தமிழ்மொழி மூலம் கற்கும் முஸ்லிம் பிள்ளைகள் உளர். கடலுக்கும் முந்தல் களப்புக்கும் இடையில் உடப்பு என்னும் தமிழ் மீனவ ஊர் உளது. 1990 ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களிற் பெருந்தொகையினர் தஞ்சம் புகுந்ததும் இக்கரைக்கே. அவர்களின் பிள்ளைகளும் பேரர்களும் இங்குள்ள பள்ளிகளிற் கற்றனர், கற்கின்றனர். இவர்களோடு, 2007ஆம் ஆண்டின் சுற்றறிக்கைக்குப் பின் இரண்டாம் மொழித் தேர்ச்சி பெறவேண்டியவராகித் தமிழ் கற்கும் சிங்கள அரச அலுவலரையும் சேர்த்தெண்ண வேண்டும். வீட்டிற் கேட்டறியாத மொழியை அட்டை வழியே அறிபவருக்குச் செவி துணைசெய்யாது, கண்ணொன்றே துணை.

சற்றுத் தெற்கே நோக்கினால், சிலாபம் தொடக்கம் நீர்கொழும்பு வரையான கத்தோலிக்கக் கடலோர ஊர்கள் பலவற்றில் தமிழ் பள்ளிக்கூடத்தை விட்டு அகன்ற கதை காணக்கிடக்கிறது. அங்கு தமிழ் பேசக்கூடாதென்று எவரும் வாயைக் கட்டவில்லை. பள்ளியின் மொழி சிங்களமாயிற்று; ஓரிரு தலைமுறையில் பாட்டி பேசிய மொழியைப் பேரன் வாசிக்க இயலாதவன் ஆனான். இத்தகைய கரையில் நின்றுகொண்டு, எழுத்தின் தெளிவு சிறு காரியம் என்று கூறுவோர் வரலாற்றைப் படித்தவராகார்.

எழுத்தைத் தமக்கேற்ப அமைத்துக்கொள்ளும் ஆற்றல் இம்மக்களுக்குப் புதிதுமன்று. இலங்கை முஸ்லிம்கள் கையாண்ட அரபுத்தமிழ் இதற்குச் சான்று. அரபு நெடுங்கணக்கில் ளகர, ணகர, பகரங்களுக்கு எழுத்தில்லை; ஆகவே, உள்ள எழுத்துகளுக்குப் புள்ளிகளும் குறிகளும் கூட்டித் தமிழொலிகளை எழுதினர். அந்நாளில் மூங்கிற்பேனா பிடித்தவனுக்கு இருந்த உரிமை, இன்று விசைப்பலகை முன் அமர்ந்திருக்கும் ஆசிரியருக்கு இல்லை என்பது வேடிக்கையே.

இனி, எழுத்துருவின் குறை எங்ஙனம் பிழையாகிறது என்பதைக் காட்டுதல் வேண்டும். அட்டையின் உயரமும் வரியின் உயரமும் இலத்தீன் எழுத்துக்காக அளந்து வைக்கப்பட்டவை. தமிழோ மேலே விசிறியும் கீழே சுழியும் கொண்டு நிற்பது. கீழ்ப்புறம் சிறிது வெட்டுண்டால் 'ஏடு' 'எடு' ஆகும். 'பூ' என்பதன் கொம்பு குறைந்து 'பு' எனத் தோன்றும். தடித்த வடிவமில்லாத எழுத்துருவை மென்பொருள் தானே தடிப்பாக்கும்போது, எழுத்தோடு புள்ளி ஒட்டிக்கொள்ளும். துணைக்காலும் ரகரமும் ஏறத்தாழ ஒரே கோடாய் வரையப்பட்ட எழுத்துருக்கள் உள. அவற்றிலே 'பாரம்' என்பதை எழுத்துக்கூட்டும் பிள்ளை எங்கே காலெடுப்பது, எங்கே ரகரம் ஒலிப்பது என்று தடுமாறும். 'கௌ' என்பதும் 'கெள' என்பதும் அவ்வாறே. கரை, கறை, வலை, வளை, பனி, பணி என்றிவ்வாறு ஒரு கோடும் ஒரு சுழியும் பொருளைப் பிரிக்கும் மொழியில், அக்கோட்டையும் சுழியையும் கருவியின் விருப்புக்கு விடுவது எத்தகைய கல்விமுறை? உடப்பின் கரைவலையும் புத்தளத்தின் உப்பளமும் அட்டையில் ஏறும்போது, அலைபேசியின் குறுகிய திரையில் அச்சொற்கள் நடுவே முறிந்து, 'உப்ப' ஒரு வரியிலும் 'ளம்' மறுவரியிலும் நிற்பதுண்டு. ஊரின் பெயரையே ஊர்ப்பிள்ளை வாசிக்க இடருறும் நிலை இது.

பாமினியைப் பற்றியும் உரைத்தாக வேண்டும். இந்நாட்டு அச்சகங்களிலும் பள்ளிகளிலும் நெடுங்காலம் வழங்கிய அவ்வெழுத்துரு, இலத்தீன் எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வைத்துச் செய்யப்பட்டது. அது ஏற்றப்பட்ட கணினியில் 'அம்மா' எனத் தெரியும். அது இல்லாத கருவியிலே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். ஒருங்குறியில் தமிழுக்கு 1991இலேயே இடம் கிடைத்துவிட்டது. அதனை ஒட்டிய இலங்கைத் தரம், எஸ்.எல்.எஸ். 1326, 2008இல் வந்தது. இத்தனைக்குப் பின்னும் பாமினியில் தட்டிய வினாத்தாளை அப்படியே அட்டையில் ஒட்டுவோர் உளர். அவர்களைக் கடிவதிற் பயனில்லை. பழைய கோப்புகளே அவர்களிடம் உள்ள ஒரே செல்வம். கடியப்பட வேண்டியவர், மாற்றித்தரும் பயிற்சியையும் கருவியையும் பள்ளிகளுக்குக் கொண்டுசெல்லாது தரத்தை மட்டும் அச்சிட்டு வைத்தோர்.

வேறு சிலர், சொல்லைப் படமாக எடுத்து அட்டையில் ஒட்டினால் எழுத்துரு மாறாதே என்பர். படத்தை மென்பொருள் வாசித்துக்காட்டாது. பார்வை குன்றிய பிள்ளைக்கு அது வெற்றட்டை. அதிலே சொல்லைத் தேட இயலாது, பிழை கண்டால் திருத்த இயலாது, பெரிதாக்கினால் மங்கும். தரவுக்குக் காசு எண்ணும் குடும்பத்துக்கு அது செலவு வேறு.

எனினும் வலுவான எதிர்வாதம் ஒன்றுண்டு. கருவியே இல்லாத வீடுகள் பல இருக்க, எழுத்துருவைப் பற்றிய கவலை பட்டணத்துச் சொகுசன்றோ என்பதே அது. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது கருவியும் இணைப்பும் இல்லாது பின்தங்கிய பிள்ளைகளை எண்ணினால் இவ்வாதத்தை ஏளனஞ்செய்ய இயலாது. ஆயினும் அது எதிர்த்திசையையே நிறுவுகிறது. வசதியுள்ள வீட்டில் திரை மயக்கினால் தாயோ தனி வகுப்பு ஆசிரியரோ திருத்துவர். தந்தை கடலுக்கும் தாய் கருவாட்டு வாடிக்கும் போன வீட்டிலே, மூவர் பகிரும் ஒரு பழைய கைத்தொலைபேசியில் அவ்வட்டையே ஆசிரியர். அங்கே எழுத்து மயங்கினால் திருத்துவார் இல்லை. கருவியைக் கொடுப்பது பணத்தாலாகும் காரியம்; நல்ல எழுத்துருவோ இலவசமாகவே கிடக்கிறது. முக்தா மலர், ஹிந்த் மதுரை, மீரா இனிமை முதலியன எவரும் பயன்படுத்தத்தக்க திறந்த உரிமத்தில் உள்ளவை. பணமில்லை என்னும் சாக்கு இங்கே செல்லாது. நல்ல திரை அட்டை ஆக்க இயலாவிடின் பிரிஸ்டல் அட்டைக்கே திரும்புவது மேல் என்பதையும் மறுப்பதற்கில்லை. மயக்கும் திரையைவிடத் தெளிந்த காகிதம் உயர்ந்தது.

செய்யத்தக்கவை அரியனவுமல்ல. 'அங்கி' என்னும் இலவச அட்டை மென்பொருளில் எழுத்துருக் கோப்பின் பெயருக்கு முன் ஓர் அடிக்கோடு இட்டு ஊடகக் கோப்புறையில் வைத்து, அட்டையின் நடைவிதியில் அதன் பெயரைக் குறித்தால், அட்டைக்கட்டோடு எழுத்துருவும் பயணஞ்செய்யும். வாங்குபவனின் கருவியில் எது இருப்பினும் ஆசிரியர் கருதிய உருவமே தோன்றும். தனியொருவர் ஆக்கி இலவசமாக வழங்கிய கருவியிற் கூடும் ஒன்று, கட்டணம் பெறும் மென்பொருளிலும் பல்கலைக்கழகத் தளத்திலும் ஏன் கூடாது? நாளை கற்பிட்டிக்கும் முந்தலுக்கும் ஆசிரியராகச் செல்லவிருப்போர் இன்று இவ்வளாகங்களிற் பயில்கின்றனர். அவர்கள் அட்டை ஆக்கப் பழகுவது தமிழெழுத்து தற்செயலாக வந்து விழும் தளங்களிலேயே என்றால், அப்பழக்கமே அவர்களோடு வகுப்புக்குப் போகும்.

ஆகையால் தமிழ்த்துறைகள் விழா மேடையில் எழுத்தின் தொன்மை பேசுவதைச் சற்று ஒத்திவைத்து, தளப் பொறுப்பாளரிடம் செல்லட்டும். அங்கே 'ஏடு', 'பூ', 'பாரம்', 'கௌதாரி', 'வளை', 'உப்பளம்' என்னும் ஆறு சொற்களுக்கு அட்டை ஆக்கி, மலிவான கைத்தொலைபேசி ஒன்றில் திறந்து, தமிழ் கற்கத் தொடங்கியிருக்கும் ஒருவரிடம் வாசிக்கக் கொடுக்கட்டும். அவர் எச்சொல்லிற் தடுக்குகிறாரோ, அச்சொல்லிலிருந்து திருத்தம் தொடங்கலாம்.