பலகையைப் பிடித்தவர்

1909 ஆகஸ்ட்டில் எடுத்த ஒரு புகைப்படத்தை நான் அடிக்கடி எடுத்துப் பார்ப்பதுண்டு. மான்செஸ்டரின் ஃபாலோஃபீல்டு மைதானம். கால்பந்து வீரர்கள் வரிசை கட்டியிருக்கிறார்கள். அவர்களில் உட்கார்ந்திருக்கும் ஒருவரின் முன்னால் ஒரு மரப்பலகை. 'விலக்கப்பட்டோர் கால்பந்துக் கழகம் 1909' என்று அதில் எழுதியிருக்கிறது. புகைப்படக்காரர் மற்றவர்களை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த நேரத்தில், கையில் கிடைத்த கட்டையில் அவரே எழுதியது. அவர் சார்லி ராபர்ட்ஸ், மான்செஸ்டர் யுனைடெட்டின் கேப்டன். அதே ஆண்டு ஏப்ரலில் பிரிஸ்டல் சிட்டியை 1-0 என்று வென்று எஃப்.ஏ. கோப்பையைக் கையில் வாங்கியவர். நான்கு மாதத்துக்குள் அவருக்குச் சம்பளமும் இல்லை, ஆட அனுமதியும் இல்லை.

இரும்பாலைகளுக்குப் பேர்போன டார்லிங்டனில் 1883இல் பிறந்தவர் ராபர்ட்ஸ். பிஷப் ஆக்லாந்து, கிரிம்ஸ்பி டவுன் அணிகளில் ஆடி, 1904இல் யுனைடெட்டுக்கு வந்தார். அவர் ஆடியது சென்டர் ஹாஃப் இடம். இன்றைக்கு அந்தப் பெயரைக் கேட்டால் கோலுக்கு முன்னால் காவல் நிற்பவரைத்தான் நினைப்போம். அன்று அப்படியில்லை. அணியின் நடுநாயகம் அவர்தான்: எதிரியின் தாக்குதலை முறிக்க வேண்டும், முறித்த பந்தை முன்னால் ஓடுபவர்களுக்கு நீளமாகக் கொடுக்கவும் வேண்டும். வெளிறிய முகம், ஒல்லியான உடம்பு, அபாரமான வேகம். அரைக்கால் சட்டை முழங்காலை மறைக்க வேண்டும் என்று கால்பந்துச் சங்கமான எஃப்.ஏ. விதி போட்டபோதும், ஓடத் தோதாக இருக்கட்டும் என்று குட்டையான கால்சட்டையையே போட்டுக்கொண்டார். அவர் தலைமையில் யுனைடெட் 1908இலும் 1911இலும் லீக் பட்டம் வென்றது. மான்செஸ்டரில் அவர் ஆட்டத்தைப் பார்த்து ரசித்து, அவரிடமே பேசிப் பழகிய இத்தாலிய இளைஞர் ஒருவர் உண்டு. விட்டோரியோ போட்சோ என்று பெயர். பிற்காலத்தில் இத்தாலிக்கு 1934, 1938 உலகக் கோப்பைகளை வாங்கித்தந்த பயிற்சியாளர். தன் அணியின் சென்டர் ஹாஃப் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு அவர் மனத்தில் வைத்திருந்த அளவுகோல் ராபர்ட்ஸ்.

ஆனால் நான் அவரை நினைப்பது ஆட்டத்துக்காக மட்டுமல்ல.

அந்தக் காலத்தில் ஒரு வீரர் எவ்வளவு பெரிய ஆட்டக்காரராக இருந்தாலும் வாரத்துக்கு 4 பவுனுக்கு மேல் சம்பளம் வாங்கக் கூடாது. 1901இல் அமலுக்கு வந்த விதி இது. சாதாரணத் தொழிலாளியின் கூலியோடு ஒப்பிட்டால் அது குறைவில்லைதான். ஆனால் கால் ஒருமுறை முறிந்தால் பிழைப்பு முடிந்தது. 1909 கோப்பை இறுதியாட்டத்தைக் காசு கொடுத்துப் பார்க்க வந்தவர்களோ 70,000 பேருக்கு மேல். இதைவிடக் கொடுமை, ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் கழகம் விட்டால்தான் வீரர் வேறிடம் போக முடியும். சம்பளம் தராமலேயே அவரைப் பிடித்துவைக்கலாம். 1907இல் யுனைடெட்டின் தாமஸ் பிளாக்ஸ்டாக் என்ற இளைஞர் இரண்டாம் அணிக்காக ஆடும்போது, பந்தைத் தலையால் முட்டிய கையோடு சுருண்டு விழுந்து இறந்துபோனார். அவர் குடும்பத்துக்கு இழப்பீடு கிடைக்கவில்லை. அந்த ஆண்டு டிசம்பர் 2ஆம் தேதி மான்செஸ்டர் இம்பீரியல் ஹோட்டலில் வீரர்கள் கூடிச் சங்கம் தொடங்கினார்கள். முன்னின்றவர்கள் யுனைடெட்டின் பில்லி மெரிடித்தும் ராபர்ட்ஸும்.

சங்கம் மற்றத் தொழிலாளர்களின் பொதுக் கூட்டமைப்பில் சேரப் போகிறது என்றதும் எஃப்.ஏ.வுக்குப் பொறுக்கவில்லை. 1909 ஜூலை 1க்குள் சங்கத்தைவிட்டு விலகாவிட்டால் ஆட்டக்காரர் என்ற பதிவே ரத்து என்றது. மற்றக் கழகங்களின் வீரர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். அசையாமல் நின்றது யுனைடெட் அணி. வெளியிலிருந்து துணைநின்றவர் எவர்ட்டனின் டிம் கோல்மன். ராபர்ட்ஸுக்கு அப்போது அவர் பெயரில் நடக்கவிருந்த உதவி ஆட்டத்திலிருந்து 500 பவுன் உறுதியாகக் கிடைக்க வேண்டியிருந்தது. இரண்டு ஆண்டுச் சம்பளத்தைவிட அதிகம். அது மொத்தமும் போய்விடும் என்று தெரிந்தே அந்தப் பலகையைப் பிடித்தார்.

ஆகஸ்ட் 31 அன்று, புதிய பருவம் தொடங்க ஒரு நாள் இருக்கும்போது, எஃப்.ஏ. இறங்கிவந்து தடையை நீக்கியது. சங்கத்துக்கு அங்கீகாரம் கிடைத்தது. ஆனால் அந்த ஆண்டு முடிவதற்குள் சங்க உறுப்பினர்களே வாக்களித்துக் கூட்டமைப்பிலிருந்து வெளியேறினார்கள். அந்தக் கூட்டமைப்பைச் சங்கத்தின் வலது கை என்று நம்பியவர் ராபர்ட்ஸ். இதில் அவருக்கு ஆற்றாமை இருந்தது. ஆனாலும் தான் ஓர் உறுப்பினர் மட்டுமே என்று அந்த முடிவுக்குக் கட்டுப்பட்டார். என் பார்வையில், எஃப்.ஏ.வை எதிர்த்து நின்றதைவிட இதற்குத்தான் அதிகப் பக்குவம் வேண்டும்.

1913இல் 1,500 பவுனுக்கு ஓல்டம் அத்லெடிக்குக்குப் போனார். 1915இல் அந்தச் சிறிய கழகம் ஒரே ஒரு புள்ளியில் லீக் பட்டத்தை எவர்ட்டனிடம் தவறவிட்டது. ஆட்டத்திலிருந்து ஓய்வுபெற்ற பின் புகையிலை வியாபாரம் செய்தார். டக்வொர்த், ராபர்ட்ஸ், பெல் என்று யுனைடெட்டில் தோளோடு தோள் நின்ற மூவரின் பெயர்களைக் கோத்து 'டுக்ரோபெல்' என்று ஒரு சிகரெட்டுக்குப் பெயர் வைத்தார். விற்கிற சரக்கில்கூடத் தோழர்களை விட்டுவிடவில்லை. 1939 ஆகஸ்ட்டில், தலையில் நடந்த அறுவை சிகிச்சைக்குப் பிறகு இறந்தார். சம்பள உச்சவரம்பு ஒழிந்தது 1961இல். ஒழித்தது அவர் தொடங்கிய அதே சங்கம்.

சங்க வேலையால்தான் இங்கிலாந்து அணியில் அவருக்குத் தொடர்ந்து இடம் கிடைக்கவில்லை என்று பலர் எழுதியிருக்கிறார்கள். சங்கம் பிறப்பதற்கு முன்பே அந்த வாய்ப்பு நின்றுவிட்டதால் அதை முழுக் காரணமாக நான் சொல்ல மாட்டேன். ஆனால் லீக் பட்டங்களுக்கும் கோப்பைக்கும் பிறகும் அவரைக் கூப்பிடாததற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. இங்கிலாந்துக்காக சார்லி ராபர்ட்ஸ் ஆடியது மூன்று ஆட்டங்கள். மூன்றும் 1905இல்.