நீட்டை மீண்டும் எழுதும் பிள்ளைகளுக்கு எது தெம்பு தரும்?

தமிழ்நாட்டில் 2016-17இல் மருத்துவ இடம் பெற்றவர்களில் முந்தைய ஆண்டுகளில் பிளஸ் டூ முடித்தவர்கள் நூற்றுக்கு 12 பேர்தான். நீட் வந்த பிறகு, 2020-21இல், அது 71 ஆகிவிட்டது. நீட்டின் தாக்கத்தை ஆராய்ந்த நீதிபதி ஏ.கே.ராஜன் குழு அறிக்கை தந்த கணக்கு இது. முதல் முறையில் இடம் கிடைக்காத பிள்ளையைத் தோற்றவராகப் பார்க்கும் உறவினர்களிடம் இதைத்தான் முதலில் காட்ட வேண்டும்.

இந்தக் கணக்கில் ஓர் அநீதியும் இருக்கிறது. கோச்சிங் கட்டணம், விடுதிச் செலவு எல்லாம் கட்டி ஓராண்டு காத்திருக்க வசதி உள்ளவருக்கே இரண்டாம் வாய்ப்பு கைக்கு எட்டுகிறது. 2020இல் வந்த 7.5% ஒதுக்கீடு அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பெரிய கைகொடுப்பு. ஆனால், கூலி வேலைக்குப் போகும் தாயின் மகளிடம் ‘மனம் தளராதே’ என்று மட்டும் சொல்வது எதற்கு உதவும்? பள்ளிப் படிப்பை முடித்துவிட்ட இந்தப் பிள்ளைகளுக்கு மாவட்டந்தோறும் ஓராண்டு இலவசப் பயிற்சியை அரசு தர வேண்டும்.

எங்கே மதிப்பெண் போனது என்று தெரிந்த பிள்ளைக்குத்தான் மறுபடி உட்கார்ந்து படிக்கத் தெம்பு வரும். தேசியத் தேர்வு முகமை விடைக்குறிப்போடு ஓஎம்ஆர் தாளின் நகலையும் தருகிறது. பலரும் மொத்தத்தைக் கூட்டிப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். அந்த நகலை வினாத்தாளோடு வைத்து ஒவ்வொரு வட்டமாகப் பாருங்கள். 180 கேள்விகளில் படிக்காததால் விட்டவை எத்தனை, நேரமில்லாமல் போனவை எத்தனை, குருட்டாம்போக்கில் நிரப்பியவை எத்தனை? சரியான விடைக்கு 4, தவறுக்கு 1 கழிவு. தெரிந்த கேள்வியில் அவசரப்பட்டால் 5 மதிப்பெண் போகிறது. இப்படிப் பத்து என்றால் 50. கவுன்சலிங்கில் அது மிகப் பெரிய தூரம். உயிரியலில் மட்டும் 90 கேள்விகள், 360 மதிப்பெண். இயற்பியல் பயத்தில் உயிரியலைக் கோட்டை விட்டவர்கள் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

நீட்டுக்கு உச்ச வயது வரம்பு இல்லை. இத்தனை முறைதான் என்ற கட்டுப்பாடும் இல்லை. அதனாலேயே சிலருக்கு மூன்று, நான்கு ஆண்டுகள் கரைந்துவிடுகின்றன. இன்னும் எத்தனை முறை என்பதைத் தொடக்கத்திலேயே வீட்டில் பேசி முடிவுசெய்துவிடுவது நல்லது. தமிழ்நாட்டில் மாநில ஒதுக்கீட்டுக் கால்நடை மருத்துவ இடங்களுக்கும் பி.எஸ்சி. நர்சிங்குக்கும் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே சேர்க்கை நடந்துவருகிறது. அந்த விண்ணப்பங்களையும் போட்டுவைத்துவிட்டுப் படிப்பதால் உறுதி குறையாது. ‘இது போனால் எல்லாம் போச்சு’ என்ற பயம்தான் குறையும். தேர்வறையில் கையை நடுங்கவைப்பது அந்தப் பயம்தான்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. முடிவு வந்த நாள்களில் பிள்ளையைத் தனியாக விடாதீர்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண்ணைப் பேச்சில் எடுக்காதீர்கள். சாப்பாடு இறங்கவில்லை, தூக்கமில்லை, ‘நான் இருந்து என்ன’ என்ற பேச்சு வருகிறது என்றால் உடனே 104 அல்லது 14416ஐ அழையுங்கள். இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.