கிளி என்ன பொம்மையா?

அச்சன்புதூர் பக்கம் வயலுக்கு மேலே கீச்சென்று கத்திக்கொண்டு பறக்கும் பச்சைக்கிளிகளைப் பார்த்து வளரும் பிள்ளைகள்தான் எல்லாம். ஆனாலும், "பிள்ளை விளையாட ஒரு கிளி வாங்கணும், எது நல்லது?" என்று கேட்கும் பெற்றோர் உண்டு.

பச்சைக்கிளி என்றால் அந்தக் கேள்விக்கே இடமில்லை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுக் கிளிகளைப் பிடிப்பதும், விற்பதும், கூண்டில் வளர்ப்பதும் குற்றம். 2022-ல் சட்டத்தைத் திருத்தியபோது அபராத வரம்பை 25 ஆயிரத்திலிருந்து 1 லட்சம் ரூபாயாக உயர்த்தினார்கள்.

"பாசமாகத்தானே வளர்க்கிறோம்?" என்பார்கள். பொந்திலிருந்து திருடிய குஞ்சு, வெட்டிய இறக்கை, திரும்பக்கூட இடமில்லாத கூண்டு... இதுவா பாசம்? வாங்க ஆள் இருக்கும்வரை பொந்தில் கைவிடவும் ஆள் இருக்கும்!

பிள்ளைக்காவது நல்லதா? பயந்த கிளி கடித்தால் பிஞ்சு விரல் தாங்காது.

கடைகளில் 'லவ் பேர்ட்ஸ்' என்று விற்கும் ஆஸ்திரேலியச் சிறு கிளிகளுக்குத் தடையில்லை. ஆனால் அதற்கும் தினமும் தண்ணீர் மாற்றி, கூண்டைச் சுத்தம் செய்ய வேண்டியது பெரியவர்கள்தான். நேரமில்லாதவர்கள் அதையும் வாங்க வேண்டாம்.

பேசாமல் வீட்டுப் பின்னால் ஒரு கொய்யா மரம் வையுங்கள். காய் பழுத்தால் கிளி தானாக வரும். நாலு பழம் போனால் போகட்டுமே!