பகடையும் படுகளமும்

மேசைமீது மலையும் ஆறும் அமைத்து, விரலளவுப் பொம்மைப் படைகளை எதிரெதிரே நிறுத்தி, பகடை உருட்டிப் போராடும் விளையாட்டொன்று மேலைநாடுகளிலே பெருவழக்காயுள்ளது. நம் மாணவரிடையேயும் அதற்கு ஆர்வலர் தோன்றியுள்ளனர். பதுளைப் பகுதித் தோட்டங்களிலிருந்து பல்கலைக்கழகம் புகுந்த இளைஞர் சிலர் நண்பர்களாகக் கூடி அத்தகைய கற்பனைப் போரொன்றைத் தொடங்க விரும்பினால், அவர்களுக்கு இரு திசைகளிலிருந்து அறிவுரை வருகின்றது. பட்டம் பெற வந்தவர்க்குப் பொம்மை விளையாட்டு எதற்கு என்பது ஒரு சாரார் கேள்வி. விளையாடுவதாயின் இங்கிலாந்தில் அச்சான விதிநூலை வாங்கி அதிற் கூறியவாறே விளையாடு, நம்மூர்ச் சரக்கைக் கலந்து கெடுக்காதே என்பது மறுசாரார் கட்டளை. முதற் சாரார் விளையாட்டை அறியார். மறுசாரார் ஊவாவை அறியார். இவ்விரு சாராரோடும் வாதிடவே இக்கட்டுரை எழுதப்படுகின்றது.

விளையாட்டின் இயல்பை முதலிற் கூறிவிடுதல் நன்று. சதுரங்கம் என்னும் சொல்லே யானை, குதிரை, தேர், காலாள் ஆகிய நால்வகைப் படையைக் குறிப்பது; ஆதலின் போரை ஆட்டமாக்கும் எண்ணம் நமக்குப் புதிதன்று. நிலத்தின் மேடு பள்ளத்தையும் தளபதியின் அறியாமையையுங்கூட விதிக்குள் அடக்கியவர் பிரசிய நாட்டுப் படை அதிகாரி ரைஸ்விற்ஸ் ஆவார். தந்தை தொடங்கிய ஆட்டத்தைத் திருத்தி 1824 இல் அவர் வெளியிட்ட விதிகளின்படி, இரு தரப்புக்கும் இடையே ஒரு நடுவர் அமர்ந்தார். (அதற்கு முந்திய ஆண்டாகிய 1823 ஐயே நம் முன்னோர் கோப்பித் தோட்டங்களுக்கு வந்த முதலாண்டாக மலையகம் கொள்கின்றது. ஐரோப்பிய அதிகாரி மரக்கட்டைகளை நகர்த்திக்கொண்டிருந்த காலத்தில் இங்கே மனிதர் நகர்த்தப்பட்டனர்.) எச். ஜி. வெல்ஸ் 1913 இல் எழுதிய 'சிறு போர்கள்' என்னும் நூல் இவ்வாட்டத்தைப் படைமுகாமிலிருந்து வீட்டுத் தரைக்குக் கொணர்ந்தது. 1974 இல் கைகாக்ஸ், ஆர்னெசன் என்னும் அமெரிக்கர் இருவர் ஆக்கிய 'டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ்' மந்திரவாதியையும் நெருப்புமிழும் நாகத்தையும் அதனுட் புகுத்தியது. 1983 இல் இங்கிலாந்தில் வெளிவந்த 'வார்ஹாமர்' அனைத்தையும் பெருவணிகமாக்கிற்று.

இவற்றுள் உயர்ந்த வகையைத் தொடர்போர் எனலாம். ஒரு மாலையில் ஒரு சண்டையோடு முடிவது எளிய ஆட்டம். தொடர்போரோ மாதக்கணக்கில் நீள்வது. ஒரு தேசப்படம் உண்டு. ஆளுக்கொரு நாடு உண்டு. இன்று கணவாயை இழந்தவன் அடுத்த கிழமையும் இழந்தவனாகவே வந்து அமரவேண்டும். நண்பர் கூட்டமொன்று கூடி எழுதும் காப்பியம் அது.

இதனைப் பிள்ளை விளையாட்டு என்று தள்ளுவோர் பொன்னர் சங்கர் கூத்தை ஓரிரவேனும் விழித்திருந்து பார்த்ததில்லைப் போலும். காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் என்னும் மூன்றும் மலையகத்தின் பெருங்கூத்துகள். கொங்குநாட்டு அண்ணன்மார் கதையே பொன்னர் சங்கர். மானிடவியலாளர் பிரெண்டா பெக் அம்மையார் 1965 இல் தமிழகத்திற் பதிவுசெய்த அக்கதையைப் பற்றி 1982 இல் ஆங்கில நூலொன்று வெளியிட்டார். அதன் பின்னரே அதனைக் காப்பியம் என்று ஒப்புக்கொண்ட அறிஞரும் நம்மிடையே உளர். தோட்டங்களுக்கு அது நூலாக வரவில்லை. கடல் கடந்து, காட்டுவழி நடந்து வந்தவர் நெஞ்சிலே வந்தது.

அக்கதையின் அமைப்பை நோக்குக. உழவர் நாடொன்று, அதன் எல்லையில் வேட்டுவர் நாடு, தங்கை கேட்ட கிளிக்காக அண்ணன்மார் காடு புகுந்ததால் மூளும் பகை, கொம்பன் என்னும் மாயப்பன்றி, ஒரு வஞ்சகம் மறு வஞ்சகத்தைப் பெற, இறுதியிற் படுகளம். தொடர்போருக்கு வேண்டிய இலக்கணம் யாதும் இதிற் குறைவில்லை. அதனை நிகழ்த்தும் முறையோ இன்னும் நெருங்கியது. தொழில்முறை நடிகர் எவருமிலர். பகலிற் கவ்வாத்துக் கத்தி பிடித்த கையே இரவில் மரவாள் பிடிக்கும். தோட்டத்தவர் தலைக்கு இவ்வளவென்று பணம் திரட்டுவர். மாஸ்டர் ஒருவர் பழக்குவர். யார் சங்கர், யார் தலையூர்க் காளி என்பதில் இலயத்துக்கு இலயம் பூசல் எழும். தப்பு முழங்கியதும் பூசல் அடங்கும். மேசை தேவைப்பட்டதில்லை, தோட்டத்து மைதானமே தேசப்படம். மேலும், படுகளத்தில் வீழ்ந்தோரைத் தங்கை எழுப்புகின்றாள். மேலைநாட்டு மேசையிலிருந்து அகற்றிப் பெட்டியிலிடும் பொம்மைக்காக அழ எவருமில்லை. போரின் முடிவு வென்றவனிடத்திலன்றி அழுபவளிடத்தில் உள்ளதென்று ஏட்டறிவில்லாத கூத்தர் கண்டுகொண்டனர்.

எனினும் முதற் சாராரின் ஆட்சேபங்களுள் ஒன்று கனமானது. 1983 ஆடியிற் பதுளை நகரிலே தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தன. 2000 ஒக்டோபர் 25 ஆம் நாள், பண்டாரவளையை அடுத்த பிந்துனுவெவப் புனர்வாழ்வு முகாமில் இருபதுக்கு மேற்பட்ட தமிழ் இளைஞர் கொலையுண்டனர். 2009 வரை நீண்ட போரின் புண் ஆறவில்லை. இம்மண்ணிற் போரை விளையாட்டாக்குதல் இழிவன்றோ என்று கேட்பவரை எள்ளி நகையாட முடியாது.

ஆயினும் அவர்க்கு விடையுண்டு. வெல்ஸ் தம் நூலை முடிக்குமிடத்து, பொம்மைப் போரிற்கூட மனிதன் இத்துணைத் தவறு செய்வானாயின் உண்மைப் பெரும்போர் எத்துணை மூடத்தனமாயிருக்கும் என்னும் கருத்தையே வலியுறுத்தினார். மறு ஆண்டே முதலாம் உலகப்போர் மூண்டது. அதனை மூட்டியவர் வெல்சின் வாசகரல்லர். நம் நாட்டிலும் மக்களைக் காய்களாக நகர்த்தியவர் மாணவரல்லர். 1964 இல் இரு பிரதமர்கள் அமர்ந்து, ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் உனக்கு, மூன்று இலட்சம் பேர் எனக்கு, எஞ்சிய ஓர் இலட்சத்து ஐம்பதாயிரம் பேரைப் பின்னர் பார்ப்போம் என்று பங்கிட்டனரே, அவ்வாட்டத்தின் நடுவர் யார்? அக்காய்களுள் ஒன்றையேனும் எவரும் கேட்டதுண்டா? கைப்பேசித் திரையிலே தனியே அமர்ந்து முகமறியாதவரைச் சுடும் ஆட்டத்துக்கு வாய் திறவாத பெரியோர், நால்வர் முகம்பார்த்து அமர்ந்து, தத்தம் இழப்பைக் குறிப்பேட்டில் எழுதும் ஆட்டத்தைக் கண்டு வெகுண்டெழுதல் நியாயமன்று.

இனி மறுசாரார். இறக்குமதிப் பொம்மைப் பெட்டி ஒன்றின் விலை கொழுந்தெடுப்பவரின் பல நாட் கூலி என்பதை அவர்க்கு நினைவூட்டலாம். அது சிறு குற்றமே. பெருங்குற்றம் விதிகளில் உள்ளது. எதை எண்ணவேண்டும், எதை எண்ணாது விடலாம் என்று தீர்மானிப்பது விதி. கடைகளில் மலிந்த விதிநூல்கள் வாளின் கூர்மையை எண்ணும், கவசத்தின் தடிப்பை எண்ணும், மந்திரத்தின் வலிமையை எண்ணும். அரிசி சுமப்பவனை எண்ணுவது அரிது. அவ்விதியால் ஊவாவில் நிகழ்ந்த எந்தப் போரையும் ஆடிக்காட்ட இயலாது.

1630 ஐ எடுத்துக்கொள்வோம். போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா ஊவாவுட் படைநடத்திப் பதுளையை எரித்தான். திரும்பும் வழியில், வெல்லவாயவுக்கு அண்மையில் உள்ள ரந்தெனிவெலவிலே வளைக்கப்பட்டு மாண்டான். அவனை வீழ்த்தியது வீரம் மட்டுமன்று. அவன் படையிலிருந்த உள்நாட்டு லஸ்கரின் வீரர் பக்கம் மாறினர்; பெருமழையில் வெடிமருந்து நனைந்ததென்றும் கூறுவர். கூலிக்குப் போரிடும் உள்நாட்டவன் எப்போது பக்கம் மாறுவான் என்பதற்கு விதியெழுதாமல் இப்போரை மேசையில் வைக்க முடியாது.

1817 இல் எழுந்த ஊவாக் கிளர்ச்சி இதனினும் தெளிவான சான்று. அடக்கி வருமாறு அனுப்பப்பட்ட கெப்பெட்டிபொல திசாவை, தனக்களிக்கப்பட்ட ஆயுதங்களை அரசிடமே திருப்பியனுப்பிவிட்டுக் கிளர்ச்சியாளருடன் சேர்ந்தார் என்பர். எந்த விதிநூலில் இதற்கு இடமுண்டு? 1818 இல் ஆங்கிலேயர் வென்றது களத்திலன்று. ஊர்களை எரித்தனர், நெல்லை அழித்தனர், கால்நடைகளைக் கொன்றனர். பசி வென்றது. 1818 நவெம்பர் 26 இல் கெப்பெட்டிபொல கண்டியிற் சிரச்சேதம் செய்யப்பட்டார். பின்னர் 1840 ஆம் ஆண்டின் காணிச்சட்டம் உரிமைப்பத்திரமற்ற நிலங்களை முடிக்குரியனவாக்க வழிசெய்தது, கோப்பித் தோட்டங்கள் பெருகின, நம்மவர் அழைத்துவரப்பட்டனர். ஆகவே சுமைகாரனுக்கும் நெல் மூட்டைக்கும் பொம்மை செய்து, அவை வீழ்ந்தால் மறு கிழமை அப்படையின் பகடையிலே ஒன்று குறையும் என்று விதித்துப் பாருங்கள். இரண்டு மாதத்தில் ஆட்டக்காரர் வரலாற்று மாணவரினும் மேலாக 1818 ஐ விளங்கிக்கொள்வர்.

கற்பனைக்கு இடமெங்கே என்று வினவலாம். அரக்கரைத் தேடி வடகடற் பனிக்கு ஏன் போகவேண்டும்? எல்லயில் இராவணன் பெயராலே அருவியும் குகையும் உள. பதுளையில் ஆட்சி அதிகாரியாயிருந்த மேஜர் ரொஜர்ஸ் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டதாகக் கூறப்படுகின்றது. அவர் 1845 இல் அப்புத்தளையிலே மின்னல் தாக்கி இறந்தார். இதனினும் பொருத்தமான கதைமுடிவை எந்த மேனாட்டுக் கற்பனையாளர் எழுதினார்?

தேசப்படத்தைப் பற்றி அழுத்திச் சொல்லவேண்டியுளது. தொடர்போரின் முதற் செயல் நாடு வரைதல். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்டவரின் பேரப்பிள்ளைகள் ஒரு தாளை விரித்து, இது மலை, இது ஆறு, இது என் எல்லை என்று கோடு கீறுவது சிறு காரியமா? தோட்டத்தின் படம் இதுவரை துரையின் பங்களாவிலேயே தொங்கிற்று. அதிலே மலைக்கு எண் இருந்தது. இலயத்துக்கும் எண் இருந்தது. நிலத்தை உண்மையில் அறிந்தவரோ அதன்மேல் நடந்தவர். ஆடி ஆவணியில் ஊவாவின் வறண்ட காற்று எந்தச் சரிவிற் கொழுந்தைச் சுருக்கும், அப்புத்தளை இடைவெளியில் மூடுபனி எப்போது வழியை மறைக்கும், எந்தப் பாறையடியில் நீர் கசியும் என்பன அவர்க்குத் தெரியும். 2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தையில் மலை சரிந்து இலயங்களை மூடியது. அத்தகைய சரிவிலே குடியிருப்பை வைத்துப் படம் கீறியவர் அங்கே குடியிருக்கவில்லை. தொடர்போரின் படத்தில் மண்சரிவுக்கும் ஒரு பகடை இருத்தல் வேண்டும்.

கூத்துக் கதையை அப்படியே பொம்மையாக்குக என்று நான் கூறவில்லை. அண்ணன்மார் கதை நிலவுடைமையாளரின் கதை; வேட்டுவர் அதிலே பகைவராகவே நிற்பர்; அண்ணன்மாரின் வலக்கையாக நின்று போராடும் சாம்புவன் தாழ்த்தப்பட்ட குலத்தவனாகவே இருத்தப்படுகின்றான். விளையாட்டின் சிறப்பு, அதே கதையை வேட்டுவர் பக்கமிருந்து ஒருவர் ஆடலாம் என்பது. சாம்புவனுக்குத் தனிப்படையும் தனிநாடும் கொடுத்துப் பார்ப்பவர் கூத்து செய்யாததைச் செய்தவராவார்.

செலவுக்கு அஞ்சவேண்டியதில்லை. மலைக்கு ரெஜிபோம் துண்டுகள். தேயிலைச் செடிக்குச் சாயமிட்ட பஞ்சு. வீரருக்குக் களிமண்ணும் கம்பியும் காகிதக்கூழும். இருபத்தெட்டு மில்லிமீற்றர் உயரம் என்பது உலக வழக்கு. நம் பொம்மை சற்றுப் பருத்திருந்தால் மலை இடிந்துவிடாது. ஒரு தரப்புக்கு இருபது வீரரும் ஐந்து சுமைகாரரும் தொடக்கத்துக்குப் போதும். நூறு செய்யத் தொடங்கியவர் முப்பதிற் களைத்து நிறுத்திவிடுவர்.

கூட்டாளிகளை ஒரே இலயத்திலிருந்து எடுக்கவேண்டாம். பதுளையிலே 2005 இல் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகத்தில் நம்மவர் அருகே சிங்கள மாணவர் அமர்கின்றனர்; கிராமத்தின் நிலவறிவு அவரிடமுண்டு. 1817 இன் கிளர்ச்சியாளர் அரசனாக முன்னிறுத்திய வில்பாவே, நாயக்க அரச குலத்துத் துரைசாமி என்னும் பெயராலேயே உரிமை கோரினான் என்பதை இருவரும் ஒருங்கிருந்து படிக்கட்டும். துரைசாமியின் படையைச் சிங்கள நண்பர் நடத்தட்டும்; எதிர்ப்படையைத் தோட்டத்துப் பிள்ளை எடுக்கட்டும்; அடுத்த ஆட்டத்தில் மாற்றிக்கொள்ளட்டும். முதற் கூட்டத்துக்குப் பொம்மை எதுவும் தேவையில்லை. பெரிய தாளொன்றும் நான்கு பென்சிலும் இருந்தாற் போதும். நடுவர் யார் என்பதில் அன்றே பூசல் வரும். அதற்குப் பகடையை உருட்டிக்கொள்ளலாம்.