சிறுநீரக நோயாளரின் உயர் இரத்த அழுத்தம்: முள்ளிக்குளம் கரையோரக் கிராமங்கள் குறித்து எமது நிலைப்பாடு

சிறுநீரக வருத்தம் உள்ளவரின் பிரஷரைக் கட்டுப்படுத்தும் வேலை அவர் குடியிருக்கும் ஊரிலேயே நடக்க வேண்டும். அழுத்தத்தை முறைப்படி அளப்பது, சலத்தில் புரதம் போகிறதா என்று பார்ப்பது, உரிய குளுசையை இடையில் விடாமல் கொடுப்பது, அதைத் தொடங்கிய சில கிழமைகளில் இரத்தத்தைச் சோதிப்பது, உவரில்லாத குடிநீர் கொடுப்பது ஆகியவை மன்னார் மாவட்டத்தின் முள்ளிக்குளத்திலும் அதன் மக்கள் சிதறி வாழும் மலங்காடு, காயாக்குழியிலும் கிடைக்க வேண்டும் என்பதே எமது நிலைப்பாடு. புதிய கட்டடத்தையோ விலைகூடிய கருவியையோ நாம் கேட்கவில்லை.

2007 செப்டெம்பரில் முள்ளிக்குளம் மக்கள் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். ஊர் கடற்படை வசமானது. 2017 மார்ச்சில் மக்கள் தொடர் போராட்டத்தில் இறங்கினார்கள். ஏப்ரல் இறுதியில் நூறு ஏக்கர் விடுவிக்கப்படும் என்ற அறிவிப்பு வந்தது. இதைச் சுகாதார அறிக்கையில் எழுதக் காரணம் உண்டு. நாட்பட்ட வருத்தத்துக்கு ஒரே இடத்தில், ஒரே கிளினிக் கொப்பியில், பல ஆண்டுகள் மருந்து எடுக்க வேண்டும். இடம் மாறி மாறி வாழ்ந்தவர்களுக்கு அந்தத் தொடர்ச்சி அறுந்துபோனது. பழைய கொப்பி தொலைந்து, புதிய கொப்பியில் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும்போது, சிறுநீரகம் எப்போதிருந்து பழுதாகத் தொடங்கியது என்பதைச் சொல்ல எவரிடமும் பதிவு இல்லை.

உயர் அழுத்தம் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது. கெட்ட சிறுநீரகம் உப்பையும் நீரையும் தேக்கி அழுத்தத்தை மேலும் கூட்டுகிறது. இந்தச் சுழலில் நோயாளிக்கு வலி இல்லை, காய்ச்சல் இல்லை. கால் வீங்கி, மூச்சு வாங்கி, சாப்பாடு பிடிக்காமல் போகும்போது சிறுநீரகத்தின் பெரும்பகுதி போய்விட்டிருக்கும்.

இலங்கையில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. 1990களில் வடமத்திய மாகாணத்து விவசாயிகளிடம் அடையாளம் காணப்பட்டு, பின்னர் வவுனியா வரை பேசப்பட்ட, காரணம் அறியப்படாத சிறுநீரக நோயில் ஆரம்பத்தில் பிரஷர் பெரும்பாலும் ஏறுவதில்லை. அது பிந்திய கட்டத்தில்தான் கூடும். ஆகவே "பிரஷர் சரியாகத்தான் இருக்கிறது" என்ற ஒரு வரியை வைத்து எவரையும் அனுப்பிவிடக் கூடாது. வயல் செய்பவர், வெயிலில் கூலி வேலை செய்பவர், குடும்பத்தில் இந்த வருத்தம் உள்ளவர் ஆகியோருக்கு அழுத்தம் எப்படி இருந்தாலும் சலமும் கிரியேட்டினினும் பார்க்கப்பட வேண்டும்.

கிரியேட்டினின் எண்ணை மட்டும் பார்ப்பதும் போதாது. 70 வயதுப் பெண் ஒருவருக்கு 1.2 மில்லிகிராம் என்று அறிக்கை வந்தால் மேலோட்டமாகப் பார்ப்பவர் பரவாயில்லை என்பார். வயதையும் பாலினத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் அவருடைய சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் 50க்கும் கீழே நிற்கும். 60க்குக் கீழே மூன்று மாதம் நீடித்தாலே அது நாட்பட்ட சிறுநீரக நோய். ஆய்வுகூடங்கள் இந்தக் கணக்கைத் தாமே செய்து அறிக்கையில் அச்சிட வேண்டும். கூட்ட நெரிசலில் கணக்குப் போட வைத்தியருக்கு நேரமில்லை.

அழுத்தத்தை எவ்வளவுக்குக் குறைப்பது என்பதில் உலக அளவிலேயே ஒருமித்த கருத்து இல்லை. 2021இல் வெளிவந்த சர்வதேச சிறுநீரக வழிகாட்டல் மேல் எண்ணை 120க்குக் கீழே கொண்டுவரப் பரிந்துரைக்கிறது. அமெரிக்க இதயநோய் அமைப்புகள் 130/80 என்கின்றன. 120 என்ற இலக்குக்குப் பெரிய ஆதாரம் 2015இல் வெளியான ஸ்பிரின்ட் ஆய்வு. ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் பங்கெடுத்த அந்த ஆய்வில், அழுத்தத்தை இறுக்கிப் பிடித்தவர்களிடம் மாரடைப்பு முதலான இதய நோய்களும் இறப்பும் குறைந்தன. சிறுநீரகம் பழுதாகும் வேகம் குறையவில்லை. திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பு சற்றுக் கூடியது. நீரிழிவு உள்ளவர்கள் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை. அங்கே அழுத்தம் அளந்த விதமும் முக்கியம்: ஐந்து நிமிடம் அமைதியாக இருத்தி, தானியங்கிக் கருவியால் பல தடவை அளந்து சராசரி எடுத்தார்கள்.

எமது பகுதியில் அளப்பது எப்படி நடக்கிறது? விடிய முன் பஸ் ஏறி, வெயிலில் நடந்து, நம்பர் எடுத்து, வாங்கில் நெருக்கியடித்து இருந்த பெண் தன் முறை வந்ததும் எழும்பி ஓடுகிறாள். சட்டைக் கைக்கு மேலேயே பட்டி சுற்றப்படுகிறது. கை அந்தரத்தில் தொங்குகிறது. போன மாதம் குளுசை கிடைக்காத கதையை அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே காற்று ஏற்றப்படுகிறது. காலையிலிருந்து அவள் சலம் கழிக்கவும் இல்லை. வருகிற எண் 158. இதை நம்பி மருந்தைக் கூட்டினால், வீட்டில் 125இல் இருக்கும் அழுத்தம் தலைசுற்றி விழும் அளவுக்கு இறங்கலாம். தோணியில் நிற்கும் ஒருவருக்குத் தலைசுற்றுவது சாதாரண விஷயமல்ல.

ஆகவே இலக்கைப் பற்றி எமது கருத்து இது. இங்குள்ள கிளினிக்குகளில் பொது இலக்காக 130/80ஐ வைத்திருக்க வேண்டும். முறைப்படி அளக்கும் ஏற்பாடு உள்ள இடத்தில், மருந்தைத் தாங்கக்கூடியவருக்கு மட்டும் 120ஐ நோக்கிப் போகலாம். முதியவர்கள், எழும்பும்போது தலைசுற்றுபவர்கள் விடயத்தில் அவசரம் கூடாது. முறைப்படி என்றால்: தேநீர், புகை, வெற்றிலை இல்லாமல் அரை மணி; சலம் கழித்துவிட்டு, முதுகு சாய்த்து, பாதம் தரையில் பட ஐந்து நிமிட இருப்பு; வெறும் கையில் அளவான பட்டி; கை நெஞ்சு மட்டத்தில்; பேச்சில்லாமல் இரண்டு அளவு. இதற்கு வேண்டியது ஒரு கதிரையும் ஒரு மேசையும் ஐந்து நிமிடமும்தான். வைத்தியரிடம் போக முன் ஒரு தாதியோ பயிற்சி பெற்ற தொண்டரோ இதைச் செய்து கொப்பியில் எழுதிவிடலாம்.

மருந்து பற்றிப் பேசும்போது எமக்குக் கவலை அதிகம். சலத்தில் புரதம் போகிறவருக்கு எனலபிரில் அல்லது லொசார்ட்டன் வகைக் குளுசைதான் முதலில் வர வேண்டும். அது அழுத்தத்தையும் குறைக்கிறது, சிறுநீரகத்தின் வடிகட்டிகளுக்குள் உள்ள அமுக்கத்தையும் தணிக்கிறது. ஆனால் தொடங்கியோ அளவைக் கூட்டியோ இரண்டு முதல் நான்கு கிழமைக்குள் கிரியேட்டினினும் பொட்டாசியமும் பார்க்க வேண்டும். கிரியேட்டினின் 30 வீதம் வரை ஏறினால் பெரும்பாலும் பயப்படத் தேவையில்லை. அதைக் கண்டு குளுசையை நிறுத்துவது பலருடைய சிறுநீரகத்துக்குக் கிடைத்த பாதுகாப்பைப் பறிப்பதாகும். பொட்டாசியம் ஏறுவதோ வேறு கதை, அது இதயத்துடிப்பையே குழப்பும்.

இந்த இரத்தப் பரிசோதனைக்காக ஒரு நாள் கூலியை விட்டு மன்னார் வரை போய்வரச் சொன்னால் பலர் போகமாட்டார்கள். போகாதவர்களைக் குறை சொல்ல எமக்கு மனமில்லை. இரத்தத்தை ஊரில் எடுத்து மன்னாருக்கு அனுப்புங்கள்; நோயாளியை அலைக்கழிக்காதீர்கள்.

இரண்டு இடத்தில் வாழும் மக்களுக்கு இரண்டு கொப்பிகள் இருக்கும். ஒன்றில் எனலபிரில், மற்றதில் லொசார்ட்டன். இரண்டையும் சேர்த்து விழுங்கினால் பொட்டாசியம் கூடும், சிறுநீரகம் திடீரெனப் பாதிக்கப்படலாம். பெயர் வேறு, நிறம் வேறு என்பதால் நோயாளிக்கு இது தெரியாது. ஒருவருக்கு ஒரு கொப்பி என்பதை வைத்தியசாலைகள் தமக்குள் பேசி உறுதிப்படுத்த வேண்டும்.

வலை இழுத்து நாரி நோகிறவர்கள் கடையில் வாங்கும் டைக்குளோபெனாக், இபுபுரோபன் போன்ற வலிக் குளுசைகள் அழுத்தத்தைக் கூட்டும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். சிறுநீரக வருத்தம் உள்ளவர்களுக்குத் துண்டில்லாமல் இவற்றைக் கொடுக்க வேண்டாம் என்று மருந்துக்கடைக்காரரைக் கேட்டுக்கொள்கிறோம். வலிக்குப் பனடோலை உரிய அளவில் எடுக்கலாம். வாந்தி, வயிற்றோட்டம் கண்டால் எனலபிரில், லொசார்ட்டன், சலம் போகும் குளுசை ஆகியவற்றைத் தற்காலிகமாக நிறுத்துவது பற்றி உடனே கிளினிக்கில் கேட்க வேண்டும். பிள்ளை தங்கியிருக்கும் பெண்களுக்கு எனலபிரிலும் லொசார்ட்டனும் ஆகவே ஆகாது. குடும்ப நல உத்தியோகத்தர் வீட்டுக்கு வரும்போது இதைக் கேட்டறிய வேண்டும்.

2022இன் மருந்துத் தட்டுப்பாட்டில் வெளியில் வாங்கச் சொல்லி எழுதிக் கொடுக்கப்பட்ட துண்டுகளை மக்கள் மறக்கவில்லை. வாங்க வழியில்லாதவர்கள் ஒருநாள்விட்டு ஒருநாள் குளுசை போட்டார்கள். மாவட்டத்தில் எந்த மருந்து குறைந்தாலும் எனலபிரிலும் லொசார்ட்டனும் முடிந்துபோகாதபடி முன்கையிருப்பு வேண்டும்.

உப்புக்கு வருவோம். சிறுநீரக நோயாளர் ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்கு, அதாவது 2 கிராம் சோடியத்துக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது வழிகாட்டல். கடற்கரை மக்களிடம் கருவாட்டை அடியோடு விடு என்று சொல்வது எடுபடாது. பச்சை மீன் கைக்கெட்டும் நாட்களில் அதைச் சமையுங்கள். கருவாடு சமைக்கும் நாளில் ஊறவைத்து நீரை ஊற்றிவிட்டு, கறிக்கு வேறு உப்புப் போடாதீர்கள் என்று சொல்லலாம். சோடியம் குறைந்தது என்று விற்கப்படும் உப்பில் பொட்டாசியம் இருப்பதால் அதை நோயாளர் வாங்க வேண்டாம்.

ஆனால் இந்தப் புத்திமதி எல்லாம் சட்டிக்குள் போகும் உப்பைப் பற்றியது. குடத்தில் வரும் உப்பை யார் கணக்கில் எடுப்பது? குடிநீரின் சுவை கெடும் எல்லையாக உலக சுகாதார நிறுவனம் சொல்லும் சோடிய அளவு லீற்றருக்கு 200 மில்லிகிராம். அந்த எல்லையில் உள்ள தண்ணீரை வெயிலில் உழைப்பவர் மூன்று லீற்றர் குடித்தால் 600 மில்லிகிராம் சோடியம், அதாவது ஒன்றரைக் கிராம் உப்பு. உணவைத் தொட முன்னரே நாளுக்குரிய அளவில் கிட்டத்தட்ட மூன்றிலொன்று முடிந்துவிட்டது. நாக்கில் கரிக்கும் கிணற்று நீரில் இது இன்னும் கூடும். வங்காளதேசத்தின் குல்னா கரையோரத்தில் உவர்நீர் குடித்த கர்ப்பிணிகளிடம் உயர் அழுத்தம் கூடியிருந்ததை ஆய்வுகள் காட்டின. அதே நாட்டின் வேறு ஆய்வுகள் நீரிலுள்ள கல்சியமும் மக்னீசியமும் அழுத்தத்தைக் குறைக்கக்கூடும் என்கின்றன. ஆகவே ஊகம் வேண்டாம். எமது கிணறுகளில் இந்த மூன்றையும் அளந்து, முடிவை அந்தந்தக் கிணற்றடியில் தமிழில் எழுதி வையுங்கள். தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை குழாய்நீரைக் கொண்டுவரும் வரை, சிறுநீரக நோயாளர் உள்ள வீடுகளுக்கு உவரில்லாத குடிநீர் பவுசரில் இலவசமாக வர வேண்டும்.

மன்னார் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளரிடமும் வடமாகாண சுகாதாரத் திணைக்களத்திடமும் நாம் முதலில் கேட்பது மாதம் ஒருமுறை முள்ளிக்குளம் பக்கம் வரும் நடமாடும் கிளினிக். அழுத்தமானி, சலப் பரிசோதனைப் பட்டி, இரத்தம் எடுக்கும் குழாய்கள், இரண்டு மாதத்துக்கான குளுசை ஆகியவற்றுடன் அது வர வேண்டும். திகதியை முன்கூட்டியே ஆலயத்திலும் பள்ளிவாசலிலும் அறிவிக்க வேண்டும். இடம் ஒழுங்கு செய்வதும், கதிரை மேசை போடுவதும், நடக்க முடியாதவர்களை அழைத்து வருவதும் எமது பொறுப்பு.