வார்டு கூட்டத்துக்கு வாருங்கள்

காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர் மக்களுக்கு, இவ்வூர்களில் குடியிருக்கும் நாங்கள் எழுதுவது:

செட்டிநாட்டு ஊர்கள் 2014-லேயே யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறிவிட்டன. பட்டியலில் பேர் இருப்பதால் ஒரு செங்கல்லுக்குக்கூடக் காவல் கிடைப்பதில்லை. மத்தியத் தொல்லியல் துறையின் சின்னம் என்றால் சுற்றிலும் 100 மீட்டருக்குப் புதுக் கட்டடம் எழும்ப முடியாது. நம் வீடுகளோ அப்படி அறிவிக்கப்படாத தனியார் சொத்து. அந்தத் தடை இவற்றைத் தொடாது. கூப்பிடு தூரத்தில் நமக்கு இருப்பவர் வார்டு கவுன்சிலர்தான்.

அவரால் என்ன ஆகும் என்பீர்கள். சாலையைப் பாருங்கள். ஓட்டில் விழும் மழை வளவு முற்றத்தில் இறங்கி, வடிகால் வழியே தெரு வாய்க்காலுக்கு வந்து, ஊரணியில் சேரும்படி கட்டிய ஊர்கள் இவை. வீடு, தெரு, ஊரணி மூன்றின் மட்டமும் கணக்குப் பார்த்து வைத்தது. பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே போட்டுக்கொண்டு போனால் தெரு உயர்ந்து, வடிகால் வாய் அடைபட்டு, தண்ணீர் வளவுக்கே திரும்புகிறது. சுண்ணாம்புச் சுவர் ஓதம் ஏறி உதிர்கிறது, ஆத்தங்குடிக் கல் பெயர்கிறது. அப்புறம் “வீடு தாங்காது” என்று இடிப்பார்கள். பர்மாத் தேக்குத் தூணும் நிலைக்கதவும் பழம்பொருள் கடைக்குப் போகும். பழைய தளத்தைச் சுரண்டிவிட்டுத்தான் சாலை போட வேண்டும் என்று தமிழக அரசே 2021-ல் சொல்லிவிட்டது. வேலை நடக்கும்போது நின்று அதைக் கேட்க வேண்டியவர் கவுன்சிலர்.

ஊரணி வரத்துக்காலில் குப்பை கொட்டுவதும், அதை மறித்துக் கடை போடுவதும் அவர் கண்ணுக்குத் தப்பாது. கேட்க ஆளிருந்தால் அவரும் மன்றத்தில் கேட்பார்.

எல்லாம் அவர் கையில் இல்லைதான். ஒரு வீட்டுக்குப் பல பங்காளிகள், ஆளுக்கொரு ஊரில். அவர்கள் கூடி விற்க முடிவெடுத்தால் கவுன்சிலர் தடுக்க முடியாது. வெள்ளையடிக்கவே காசில்லாமல் பூட்டிப் போட்ட குடும்பங்களைக் குறை சொல்லவும் எங்களுக்கு மனமில்லை. ஆனால் தெருவும் வாய்க்காலும் ஊரணியும் பொதுச் சொத்து. அவற்றில் சாக்குக்கு இடமில்லை.

ஆகவே, உங்கள் வார்டின் அடுத்த பகுதி சபைக் கூட்டத்துக்கு வீட்டுக்கு ஒருவராவது வாருங்கள். உங்கள் வாசற்படிக்கும் சாலைக்கும் எவ்வளவு உயரம் என்று டேப் வைத்து அளந்து, போட்டோவோடு மனுவாகக் கொடுங்கள். சாலை டெண்டருக்குப் போகும் முன்பே கொடுங்கள். தார் கொட்டியபின் கேட்டுப் பயனில்லை. நகலில் தேதியோடு முத்திரை வாங்க மறக்காதீர்கள்.