பேரப்பிள்ளைக்கு ரொட்டி கொடுக்கும் முன்

எங்கள் கிளாவரையில் பூண்டு எடுப்பு வந்துவிட்டால் பெற்றவர்கள் விடியலிலேயே தோட்டத்துக்குப் போய்விடுகிறார்கள். கைக்குழந்தைக்குக் காவல் நம்மைப் போன்ற கிழடுகள்தாம். குழந்தை சிணுங்கினால் கைக்கு எட்டுவது டப்பாவில் இருக்கும் ரஸ்க், இல்லையென்றால் கொடைக்கானலிலிருந்து பஸ்ஸில் வந்த பன். அதை டீயில் ஒரு முக்கு முக்கி வாயில் வைத்துவிடுகிறோம். இந்தப் பழக்கத்தைப் பற்றித்தான் இன்று எழுதுகிறேன்.

ரொட்டிக்கு நான் விரோதி அல்ல. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். நீள ரொட்டி வாசனையில்தான் என் காலை விடிந்தது. பிரெஞ்சுக்காரர் வீடுகளில் பல் முளைக்கும் குழந்தை கையில் ரொட்டியின் கெட்டியான நுனியைக் கொடுப்பது பழைய வழக்கம். அந்த நுனிக்கு 'கின்யோன்' என்று தனிப் பெயரே உண்டு. எச்சிலில் ஊறிய நுனி பிய்ந்து தொண்டையில் சிக்கும் என்று இன்று அங்கேயும் மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். பழக்கம் எவ்வளவு பழையதானாலும் மறுபரிசீலனை செய்யலாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

முதலில் வயது. ஆறு மாதம் முடியும் வரை தாய்ப்பால் மட்டுமே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தண்ணீர்கூட வேண்டாம். அதன் பிறகும் தலை நிற்க வேண்டும், பிடித்து உட்கார வைத்தால் உட்கார வேண்டும், வாயில் வைத்ததை நாக்கு வெளியே தள்ளாமல் இருக்க வேண்டும்.

அடுத்தது வரிசை. முதல் உணவாக ரொட்டி கூடாது. பிறக்கும்போது குழந்தை சேமித்துக் கொண்டுவரும் இரும்புச் சத்து ஏறக்குறைய ஆறு மாதத்தில் குறைந்துவிடுகிறது. மைதா ரொட்டி அதை ஈடு செய்யாது. கேழ்வரகுக் கூழ், பருப்பு மசித்த சாதம், வேகவைத்த முட்டை, நம் தோட்டத்து உருளைக்கிழங்கும் கேரட்டும், அங்கன்வாடியில் தரும் சத்துமாவு, இவையெல்லாம் முன்னே நிற்க வேண்டும். டீயில் நனைத்துக் கொடுப்பது இரட்டை நஷ்டம். உணவில் உள்ள இரும்பை உடல் ஏற்க விடாமல் டீ தடுக்கிறது, சர்க்கரையும் சேர்ந்துவிடுகிறது.

கூழும் சாதமும் பழகிய பின் ரொட்டியைத் தாராளமாகப் பழக்கலாம். கோதுமை சில குழந்தைகளுக்கு ஒவ்வாது என்பதால் முதல் நாள் பகலில் சிறிதளவு மட்டும் கொடுங்கள். மூன்று நாள் வேறு புதுப் பண்டம் எதுவும் வேண்டாம். தடிப்பு, வாந்தி வந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். உதடு வீங்கினாலோ மூச்சு திணறினாலோ ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. பயந்து ஒரு வயதுக்கு மேல் தள்ளிப்போடுவதாலும் பயன் இல்லை.

கொடுக்கும் விதம்தான் எல்லாவற்றிலும் முக்கியம். புது ரொட்டியின் மெத்தென்ற உட்பகுதி எச்சில் பட்டால் மாவு உருண்டையாகி அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். லேசாக வாட்டி, விரல் நீளப் பட்டையாக வெட்டிக் கையில் கொடுக்கலாம். பருப்புத் தண்ணீரில் ஊறவைத்து மசித்தும் ஊட்டலாம். குழந்தை நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும், நாம் எதிரில் இருக்க வேண்டும். கெட்டியான ரஸ்க், வர்க்கி, பழத்துண்டு பதித்த பன் ஆகியவை வேண்டாம். 100 கிராம் ரொட்டியில் சுமார் 1 கிராம் உப்பு இருக்கிறது. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஒரு நாள் முழுவதற்கும் அந்த அளவே அதிகம். ஆகவே அரைத் துண்டு போதும். நம் மலை ஈரத்தில் ரொட்டி சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சையைச் சுரண்டிவிட்டுக் கொடுக்காதீர்கள், முழுவதையும் எறியுங்கள்.

மலைத்தேன் விஷயம் தனி. ரொட்டியில் தடவியோ, சேனை என்று நாக்கில் வைத்தோ, ஒரு வயது நிறையும் வரை தேன் கூடவே கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்து பெரியவர்களை ஒன்றும் செய்யாது. பச்சைக் குழந்தையின் குடலில் வளர்ந்து நரம்பைத் தாக்கும் விஷத்தை உண்டாக்கும். சுத்தமான தேன் என்பதால் ஆபத்து குறைந்துவிடாது.

"நாமெல்லாம் இப்படித் தின்றுதானே வளர்ந்தோம்?" என்று கேட்பீர்கள். வளர்ந்தவர்கள்தாம் கேட்க முடியும். 1971-ல் இந்தியாவில் பிறந்த 1000 குழந்தைகளில் 129 பேர் ஒரு வயதைக் காணவில்லை. 2020-ல் அது 28. இதற்குத் தடுப்பூசி, நல்ல தண்ணீர், மருத்துவமனைப் பிரசவம் என்று காரணங்கள் பல. ஆனால் பழைய காலம் குழந்தைகளுக்குப் பத்திரமான காலம் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

நம் ஊருக்கு இன்னொரு கணக்கும் உண்டு. கொடைக்கானல் மருத்துவமனை சுமார் 40 கிலோமீட்டர், அத்தனையும் வளைவு. தொண்டை அடைத்த குழந்தைக்கு இருப்பதோ சில நிமிடங்கள். 108-ஐ அழைத்தாலும் அது வரும் வரை வீட்டில் இருப்பவர்தான் மருத்துவர். குழந்தை சத்தமாக இருமினால் இரும விடுங்கள். சத்தமே வராவிட்டாலோ உதடு நீலம் பாய்ந்தாலோ ஆபத்து. உடனே தலை தாழ்ந்திருக்கும்படி முன்கையில் குப்புறக் கிடத்தி, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கை அடியால் 5 தட்டு. பிறகு மல்லாத்தி மார்பின் நடுவில் 5 அழுத்து. அடைத்தது வெளியே வரும்வரை மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். குழந்தை மயங்கித் துவண்டுவிட்டால் செய்ய வேண்டியது வேறு, அதையும் சேர்த்துக் கற்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாததை விரல்விட்டுத் துழாவக் கூடாது, உள்ளேதான் தள்ளிவிடுவோம்.

இதைப் படித்துக் கற்க முடியாது, கையால் செய்து பார்க்க வேண்டும். என் கருத்து இதுதான்: குழந்தை உணவு பற்றிய அறிவுரை எல்லாம் தாய்மாருக்கே சொல்லப்படுகிறது. பகலில் ஊட்டுகிறவர்களோ நாம். தடுப்பூசி நாளில் தாத்தா பாட்டிகளையும் உட்கார வைத்து, ஒரு பொம்மையை வைத்து, செவிலியர் அரைமணி நேரம் சொல்லித்தர வேண்டும். இதற்குப் பெரிய செலவில்லை, அரசாணைக்குக் காத்திருக்கவும் வேண்டாம். நாற்காலி அடுக்கு மட்டும் நாம் கொண்டுபோவோம். அடுத்த தடுப்பூசி நாளில் மருமகளோடு நீங்களும் கிளம்புங்கள்.